வெண்ணெய் எடுத்த பின்

தயிரைக் கடைந்து வெண்ணெயைத் திரட்டி எடுத்த பிறகு பானையில் எஞ்சுவதே மோர். இன்று வீடுகளில் அந்தப் பெயரில் அருந்தப்படுவதோ, பெரும்பாலும், தயிரில் தண்ணீர் விட்டுக் கலக்கி உப்பும் பெருங்காயமும் சேர்த்த கரைசல்தான். நிறத்திலும் புளிப்பிலும் இவ்விரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், முன்னதில் பாலின் கொழுப்பு பெரும்பகுதி நீங்கியிருக்க, பின்னதில் அது அப்படியே தங்கியிருக்கிறது. பாலில் உள்ள கொழுப்பை என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு சமூகமும் கண்ட விடை அதன் புளித்த பால் பானத்தின் தன்மையையும், அப்பானம் யாருக்குக் கிடைத்தது என்பதையும் பெரிதும் தீர்மானித்திருப்பதால், இந்த வேறுபாடு வெறும் சமையலறை விவகாரமாக நின்றுவிடுவதில்லை.

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். எஞ்சியது கொழுப்பு, புரதம், லாக்டோஸ் எனப்படும் பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை. காய்ச்சி ஆறவைத்த பாலில் இடப்படும் ஒரு கரண்டி உறைமோரின் வழியே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்னும் நுண்ணுயிர்கள் பாலுக்குள் சென்று, பால் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெற்று, லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. பாலின் முதன்மைப் புரதமான கேசீன், ஒன்றையொன்று விலக்கும் மின்சுமை கொண்ட மிக நுண்ணிய உருண்டைகளாக மிதக்கும் வரை பால் பாலாகவே இருக்கும். அமிலம் கூடக்கூட அந்த விலக்கம் குறைந்து, புளிப்பின் அளவைக் காட்டும் பிஹெச் எண் 4.6-ஐ நெருங்கும்போது உருண்டைகள் பிணைந்து வலையாகி, நீரையும் கொழுப்பையும் தமக்குள் அடக்கிக்கொண்டு தயிராக உறைகின்றன. உறைமோரில் எந்தெந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது வீட்டுக்கு வீடு மாறும். மிதமான வெப்பத்தில் செழிக்கும் லாக்டோகாக்கஸ் வகைகளும், கூடுதல் வெப்பத்தையும் புளிப்பையும் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகளும் அதில் கலந்திருக்க, பருவத்துக்கேற்ப ஒன்று மற்றொன்றை விஞ்சும் என்பதால், ஒரே வீட்டுத் தயிர் மார்கழியில் ஒரு சுவையாகவும் சித்திரையில் வேறு சுவையாகவும் அமைவதில் வியப்பில்லை.

கடைதலின் இயற்பியல் இதைவிடச் சுவையானது. பாலின் கொழுப்பு, மெல்லிய சவ்வு போர்த்திய நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. மத்தின் சுழற்சியும் அதனால் உட்புகும் காற்றுக் குமிழ்களும் அந்தச் சவ்வைக் கிழிக்க, துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வெண்ணெயாக மேலே மிதக்கின்றன. கொழுப்பு பாதி இறுகியும் பாதி இளகியும் இருந்தால்தான் இவ்வாறு ஒட்டும். வெயில் ஏறிய பின் கடைந்தால் வெண்ணெய் திரளாமல் கசிந்து மோரோடு போய்விடும். கடுங்குளிரிலோ துளிகள் ஒட்டாமல் நழுவிக்கொண்டே இருக்கும். விடியலில் கடைவதும், கோடையில் குளிர்ந்த நீரும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கடைவதும், வெப்பமானி இல்லாத காலத்தில் பெண்கள் கைப்பழக்கத்தால் கண்டுகொண்ட வெப்பக் கட்டுப்பாடே. வைட்டமின் ஏ வெண்ணெயோடு சென்றுவிட, புரதமும் கால்சியமும் மோரில் தங்குகின்றன; கிழிபட்ட சவ்வில் இருந்த பாஸ்போலிப்பிடு என்னும், நீரோடும் எண்ணெயோடும் உறவுகொள்ளக்கூடிய கொழுப்புவகைப் பொருளும் பெருமளவு மோருக்கே வந்து சேர்கிறது.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, பறவைகள் எழும் விடியலில் புலியின் உறுமல் போன்ற ஒலியெழத் தயிர் கடைந்து, மோரை விற்கச் செல்லும் ஆய்மகள் ஒருத்தியைக் காட்டுகிறது. மோருக்கு ஈடாகப் பெற்ற பொருளைக்கொண்டு சுற்றத்துக்கு உணவளிக்கும் அவள், நெய்யை விற்கும்போது பொன்னை ஏற்காமல் எருமையையும் பசுவையும் விலையாகப் பெறுகிறாள். மோர் அன்றாடச் சோற்றுக்கும் நெய் மந்தையைப் பெருக்கும் முதலுக்கும் என்று ஒரே பாலின் இரு கூறுகளுக்கு இரு வேறு பொருளாதாரப் பணிகள் வகுக்கப்பட்டிருந்ததை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பழைய சான்றுகள் குறைவு. பிற்காலத்து மருத்துவ நூல்கள் மோரின் நீர்மையில் கருத்துச் செலுத்தின. தேரையர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவப் பாடல் மோரை நீர் விட்டுப் பெருக்கியும் நெய்யை உருக்கியும் உண்ணுமாறு சொல்ல, பாவபிரகாசம் என்னும் வடமொழி ஆயுர்வேத நூல், சேர்க்கும் நீரின் அளவையும் ஆடையும் வெண்ணெயும் நீக்கப்பட்டனவா என்பதையும் கொண்டு கடைந்த தயிரையே பல வகையாகப் பிரிக்கிறது.

மற்ற நிலங்களில் கணக்கு வேறாக இருந்தது. துருக்கியின் அய்ரான், தயிரில் நீரும் உப்பும் சேர்த்து நுரைக்க அடித்த பானம்; வீட்டு நீர்மோருக்கு அது நெருங்கிய உறவு. காக்கசு மலைப்பகுதியின் கெஃபிர், பாக்டீரியாக்களும் ஈஸ்ட் என்னும் நுண்காளான்களும் சேர்ந்து வாழும் வெண்ணிறக் குருணைகளைப் பாலில் இட்டுப் புளிக்கவைப்பது. இவற்றினும் விலகி நிற்பது நடு ஆசியப் புல்வெளிகளில் குதிரைப் பாலைப் புளிக்கவைத்துச் செய்யும் குமிஸ். குதிரைப் பாலில் கொழுப்பும் கேசீனும் குறைவு, சர்க்கரை மிகுதி. ஆகவே அது பசும்பாலைப் போலக் கட்டித் தயிராக உறைவதில்லை, கடைந்தாலும் வெண்ணெய் அதிகம் கிடைப்பதில்லை. மிகுந்த சர்க்கரையை ஈஸ்டுகள் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிட, புளிப்பும் சுறுசுறுப்பும் இலேசான மயக்கமும் தரும் பானம் உண்டாகிறது. 1253-இல் மங்கோலியப் பேரரசை நோக்கிப் பயணம் புறப்பட்ட ருப்ரக்கின் வில்லியம் என்ற துறவி, குதிரைப் பாலைப் பெரிய தோற்பையில் ஊற்றித் தடியால் அடித்துக் கடைந்ததை விவரித்திருப்பதோடு, முதன்முறை பருகியபோது அச்சத்தாலும் வியப்பாலும் தமக்கு வியர்த்ததாகவும், ஆயினும் சுவை பிடித்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டு ருஷ்யாவில் இதுவே காசநோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டு, சமாரா நகரருகே 1858-இல் குமிஸ் மருத்துவ விடுதி தோன்றியது. காசநோயால் வருந்திய, தாமே மருத்துவரான ருஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செக்கோவும் 1901-இல் திருமணம் முடிந்த கையோடு உஃபா பகுதிக்குக் குமிஸ் அருந்தச் சென்றார். அது காசநோயைக் குணப்படுத்தவில்லை, 1904-இல் அவர் இறந்தார்.

புளித்த பாலைச் சுற்றி எழுந்த மிகையான நம்பிக்கைகளில் இது முதலுமில்லை, கடைசியுமில்லை. 1905-இல் ஜெனீவாவில் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் தம் நாட்டுத் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவை இனங்காண, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய எலி மெச்னிக்கோவ், பெருங்குடலில் நிகழும் அழுகலே முதுமைக்குக் காரணம் என்றும் புளித்த பாலின் நுண்ணுயிர்கள் அதைத் தடுக்கும் என்றும் வாதிட்டார். நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர் என்பதால் அக்கருத்து விரைவில் பரவியது. அந்தப் பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்து வாழ்வதில்லை என்பது பின்னரே தெரியவந்தது. குடல்வரை உயிரோடு செல்லும் வகையைத் தேடிய மினோரு ஷிரோட்டா 1930-இல் ஜப்பானில் கண்டெடுத்ததே, 1935 முதல் யாகுல்ட் என்ற பெயரில் விற்பனையாகிறது.

உறுதியாகச் சொல்லத்தக்க நன்மை இவற்றைவிட எளியது. பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக்டேஸ் என்ற நொதி குழந்தைப் பருவத்துக்குப் பின் உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குக் குறைந்துவிடுகிறது. அவர்களில் பலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பலும் கழிச்சலும் நேர, தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கின்றன. புளித்தல் சர்க்கரையின் ஒரு பகுதியைக் குறைத்துவிடுவதோடு, தயிரின் பாக்டீரியாக்கள் கொண்டுவரும் நொதி குடலிலும் வேலை செய்கிறது, நீர் விட்டுப் பெருக்குவதால் ஒரு குவளையில் உள்ள சர்க்கரையும் மேலும் குறைகிறது. கோடையில் வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் மோர் ஈடுசெய்வது உண்மையே, ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நாள் முழுவதும் அருந்தும் மோரில் சேரும் உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடைந்த மோர் வீடுகளிலிருந்து மறையத் தொடங்கியதற்குச் சுவை மாற்றம் காரணமன்று. சுவீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் டி லாவல் 1878-இல் உருவாக்கிய பாலேடு பிரிக்கும் இயந்திரம், பாலை அதிவேகமாகச் சுழற்றிப் புளிக்கும் முன்பே கொழுப்பைத் தனியாக்கிவிட்டது. பாலைத் தயிராக்கிக் கடைந்துதான் வெண்ணெய் எடுக்க வேண்டும் என்ற தேவை ஆலைகளுக்கு இல்லாமற்போயிற்று. இந்தியாவில் 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய கூட்டுறவு முறை 1970 முதல் வெண்மைப் புரட்சியாக நாடெங்கும் விரிந்தபோது, வீட்டில் கறந்த பால் நேரே சேகரிப்பு நிலையத்துக்குச் சென்று வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது. வெண்ணெயும் நெய்யும் விற்பனைக்கு, மோர் கேட்டவர்க்கு என்றிருந்த ஊர்களில், மாடில்லாத கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு விலையின்றிக் கிடைத்துவந்த பால் புரதம் அத்தோடு சுருங்கியது என்பது அந்த வெற்றிக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம். இன்று ஆவின் உள்ளிட்ட நிறுவனங்கள் மோரைப் பொட்டலத்தில் விலைக்குத் தருகின்றன. பாலேட்டிலிருந்து வெண்ணெய் எடுக்கும்போது பெரிய ஆலைகளில் எஞ்சும் புளிக்காத மோரோ குடிப்பவர்களிடம் வருவதே அரிது. அதன் பாஸ்போலிப்பிடு கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிணைக்கும் என்பதால், அது பொடியாக்கப்பட்டு ஐஸ்கிரீமுக்கும் ரொட்டி, பிஸ்கட் வகைகளுக்கும் சேர்மானமாகிறது.