பழந்தோட்டமும் சக்கர நாற்காலியும்

தலைநகராம் தில்லியில் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை வெயிலின் அருமையை அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும். பனிமூட்டம் விலகிப் பகலவன் முகம் காட்டியதும், புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு லோதி தோட்டத்துக்குப் புறப்படுவார்கள். ஊரிலிருந்து விருந்தினர் வந்திருந்தால் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தையும் காட்டுவார்கள். மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் முதியவர்களும் உடன் செல்வதுண்டு. ஆனால் வாயிலை அடைந்ததும் பல குடும்பங்களில் ஒரு பேச்சு எழும். "நீங்கள் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். பைகளை என்னிடம் வைத்துவிட்டுப் போங்கள்" என்று பாட்டியோ தாத்தாவோ சொல்லிவிடுவார்.

அந்தச் சொற்களில் வருத்தம் வெளிப்படாது. பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்னும் பரிவே வெளிப்படும். ஆயினும் அவரை அங்கே அமர்த்தியது எது? நாலு படிகள், காலை வாரிவிடும் சரளைக் கல், மோட்டார் சைக்கிள் நுழையாதிருக்க நட்ட குறுக்குக் கம்பி. இவையே. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மூட்டு வலியால் தளர்ந்த முதியோரும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருக்கும் தாய்மாரும், கால் முறிந்து மாவுக்கட்டுடன் நடப்போரும் அக்கணக்கில் சேர்ந்தவர் அல்லர். ஆகவே வாயிலில் நின்றுவிடுவோர் தொகை நாம் எண்ணுவதினும் பெரிது.

"பழமையான தோட்டத்தில் கைவைக்கலாமா? பழமை கெட்டுவிடாதா?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆனால் தோட்டம் என்பது கல்லில் செதுக்கிய சிலை போன்றதன்று. அது வளர்வது, வாடுவது, மீண்டும் தளிர்ப்பது. ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாய்க்கால்களும் நடைபாதைகளும் நிலத்தை நான்காய் வகுக்கும் 'சார்பாக்' முறையில் அது அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தம் நாட்டு வழக்கப்படி அதில் வட்டப் பாத்திகளை அமைத்தனர். 1947-இல் நாடு பிரிந்தபோது, வீடிழந்து வந்தோருக்கு அதுவே அகதி முகாமாயிற்று. பின்னர் ஆகா கான் அறக்கட்டளையும் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையும் இணைந்து தோட்டத்தைச் சீரமைத்து 2003-ஆம் ஆண்டில் அப்பணியை நிறைவேற்றின. லோதி தோட்டமோ, பழைய கல்லறைகளைச் சூழ 1936-இல் 'லேடி வில்லிங்டன் பூங்கா' என்ற பெயரில் அமைக்கப்பட்டது. 1968-இல் ஜோசப் ஆலன் ஸ்டைன், காரட் எக்போ ஆகியோர் கைவண்ணத்தில் புத்துருப் பெற்றது. காலந்தோறும் மாறி வந்த இடத்தில் முதியவருக்காக ஒரு வழி சமைப்பது பழமைக்குச் செய்யும் பகை ஆகாது. எப்படிச் சமைப்பது என்பதே கேள்வி.

முதலில் சரிவின் கணக்கைத் தெரிந்துகொள்வோம். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இதனை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பர். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடிச் சரிவு. அத்தகைய படி மூன்றானால் பதினெட்டடி. இதனினும் செங்குத்தாகக் கட்டினால், பின்னின்று தள்ளுபவர் மூச்சிரைப்பார். தானே சக்கரத்தை உருட்டிச் செல்பவருக்கு அது மதில்சுவரேயாகும். இறங்கும்போது ஆபத்து இன்னும் மிகுதி. இடம் இருக்குமானால் ஒன்றுக்கு இருபது என்ற மென்சரிவே மேலானது. அது சரிவென்றே தோன்றாமல் தோட்டத்துப் பாதையாகவே காட்சி தரும். நீண்ட சரிவில் ஏறத்தாழ 9 மீட்டருக்கு ஒருமுறை சமதளம் வேண்டும். அது நாற்காலி நின்று திரும்புவதற்கு 1.5 மீட்டர் அளவினதாக இருத்தல் நலம். இருபுறமும் கைப்பிடியும், சக்கரம் விளிம்பைத் தாண்டாதபடி சிறு வரம்பும் இன்றியமையாதவை.

நம் ஊர்களில் சரிவுப் பாதை என்ற பெயரில் கட்டப்படுவன பல, ஸ்கூட்டரை ஏற்றுவதற்கே உதவும். மூன்று படியின்மேல் ஆறடிப் பலகையைச் சாய்த்துவிட்டுக் கடமை முடிந்ததென்று அடையாளப் பலகையையும் நட்டுவிடுகிறார்கள். அளவறியாத சரிவு, இல்லாத சரிவினும் தீது. இல்லையென்றால் எச்சரிக்கையாகவேனும் இருப்போம். இருக்கிறதென்று நம்பி ஏறியவர் அல்லவா பின்புறம் சாய்வார்?

இங்கே ஓர் அரிய உண்மையைக் கூற வேண்டும். ஹுமாயூன் தோட்டத்து வாய்க்கால்களைச் சீரமைத்தபோது, நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் நுண்ணிய வாட்டத்தில் அவற்றை அமைத்தார்கள். அதாவது நாலாயிரத்துக்கு ஒன்று! தண்ணீர் ஓசையின்றி ஒழுகவேண்டும் என்பதற்காக அத்தனை நுட்பம் கைவந்த கல்தச்சருக்கு, மனிதர் இடரின்றிச் செல்லப் பன்னிரண்டுக்கு ஒன்று கைவராதா? நமக்குக் குறைவாக இருப்பது திறமையன்று, அக்கறையே.

அடுத்தது தரை. கொட்டிக் கிடக்கும் சரளையில் சக்கரத்தின் முன்னுருளை புதைந்துவிடும், ஊன்றுகோல் வழுக்கும். மழமழப்பான கல்லோ மழையில் சறுக்கும். இறுகக் கெட்டித்து, நீர் தேங்காதபடி சிறு வாட்டம் விட்ட, சற்றுச் சொரசொரப்பான தரையே ஏற்றது. சாக்கடை மூடிகளின் இடைவெளியில் சக்கரம் சிக்காதபடி அவற்றைப் பாதைக்குக் குறுக்காகப் பதித்தல் வேண்டும். பழமரத்தின் வேர் குறுக்கிட்டால் வேரை வெட்டலாகாது. பாதையை வளைக்கலாம், அல்லது வேருக்கு மேலே சற்றே உயர்த்திப் பாலம்போல் கொண்டுசெல்லலாம். கைதாங்கி உள்ள இருக்கைகள் இடையிடையே இருந்தால், எழும்போது முதியவர் பிறர் கையை நாடவேண்டியதில்லை. கண்பார்வை அற்றோருக்குத் தடவியறியும் தரைக்கல்லும் பிரெய்ல் பலகையும் வேண்டும்.

பழங்கல்லைத் தொடும் இடத்தில் விதி இன்னும் கடுமையானது. புதியது பழையதினின்று வேறெனத் தெரிய வேண்டும். ஆயினும் கண்ணை உறுத்தலாகாது. பழங்கல்லில் துளையிடலாகாது, சரிவு தன் எடையிலேயே நிற்க வேண்டும். நாளை ஒருவர் அதை எடுத்துவிட்டால் கீழே உள்ள கல் முன்போலவே இருக்க வேண்டும். மரத்தாலோ இரும்புச் சட்டத்தாலோ இவ்வாறு செய்வது அரிதன்று. 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது, அவர் காண்பதற்காகக் குதுப் மினார் முதலிய இடங்களில் மரச் சரிவுகள் அமைக்கப்பட்டன. பெரியவர் ஒருவர் வருகிறார் என்றதும் இயன்றது, பெயரறியாத ஒரு பாட்டிக்கும் இயல வேண்டுமன்றோ?

எல்லா இடத்துக்கும் சரிவு உதவும் என்று சொல்வதற்கில்லை. இருபதடி உயர மேடை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குச் சரிவு மட்டும் 240 அடி. இடைச் சமதளங்களையும் சேர்த்தால் 270 அடிக்கு மேல். அவ்வளவு பெரிய கட்டுமானம் பழைய கட்டடத்தின் முகத்தையே மறைத்துவிடும். ஹுமாயூன் கல்லறை நிற்பது அத்தகைய உயர்ந்த மேடையின்மீதுதான். இங்கு நேர்மையான வழி, முடியாததை முடியாது என ஒப்புக்கொண்டு, முடிந்ததை முழுமையாகச் செய்வதே. மேடை ஏற முடியாதவர் தோட்டம் முழுவதையும் சுற்றிவரவும், நான்கு பக்கத்திலிருந்தும் குவிமாடத்தைக் காணவும் வழி வேண்டும். அந்த வழியும் குப்பை கொட்டும் கொல்லைப்புறமாக அமையாமல், எல்லாரும் செல்லும் தலைவாயிலிலேயே தொடங்க வேண்டும். அதனருகே 2018-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரித் தோட்டம் 90 ஏக்கர் பரப்புடையது. இத்தோட்டத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் இணைத்து, தரைக்குக் கீழே அமைந்த அருங்காட்சியகம் ஒன்றும் 2024-இல் திறக்கப்பட்டிருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் யாவரும் அணுகத்தக்கனவாக மாற்ற வேண்டும் என அது பணித்தது. விதிகள் வெளியான 2017 ஜூனிலிருந்து எண்ணினால் அத்தவணை 2022-இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அணுகல் நெறிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.

சங்கத்து அன்பர்கள் செய்யத்தக்க சிறு பணி ஒன்றுண்டு. அடுத்த முறை உல்லாசப் பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுக்குமுன் இருவர் முன்னதாகச் சென்று பார்த்து வரட்டும். கையில் ஓர் அளவு நாடா போதும். வாயிலின் அகலம் 90 சென்டிமீட்டருக்குக் குறையாது இருக்கிறதா? படிகள் எத்தனை? சரிவின் நீளம் உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு உண்டா? கழிப்பறைக்குள் நாற்காலி நுழையுமா? இவற்றைக் குறித்துவந்து, குறையிருப்பின் பொறுப்பாளருக்குப் பணிவுடன் கடிதம் எழுதலாம். "வசதி இல்லை" என்று எழுதுவதைவிட, "மேற்கு வாயிலில் ஏழு அங்குலப் படி ஒன்று உள்ளது, ஏழடிச் சரிவு வேண்டும்" என்று எழுதினால் மறுமொழி வர வாய்ப்பு மிகுதி.

அடுத்த தையில் நாம் தோட்டத்துக்குச் செல்லும்போது, பைகளைக் காக்க வாயிலில் ஆள் வேண்டாம். பைகளையும் பாட்டியையும் உள்ளேயே அழைத்துச் செல்வோம்.