அந்தமான் கடலில் எடை குறைந்தது! தராசு காட்டவில்லை

போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து வடக்கே போகிறவர்கள் ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் காத்து நிற்க வேண்டும். ஜாரவா மக்கள் வாழும் காட்டைத் தாண்டி, மிடில் ஸ்ட்ரெயிட்டில் படகு ஏறி இறங்கினால் பாராடாங் தீவு.

இங்கே பூமி சேற்றைக் கக்குகிறது. சாம்பல் நிறச் சேறு, குமிழி விட்டுக் கொதிப்பது போலத் தெரியும். தொட்டால் சுடாது. குமிழி எல்லாம் வாயு; பெரும்பகுதி மீத்தேன்.

தண்ணீரும் வாயுவும் கலந்த சேறு, மேலே அழுத்திக்கொண்டிருக்கும் பாறையைவிட அடர்த்தி குறைந்தது. தண்ணீரில் எண்ணெய் மேலே வருகிற மாதிரி, விரிசல் கிடைத்த இடத்தில் அது மேலே வருகிறது.

அடர்த்தியை அளக்கும் கருவி நமக்குப் புதிதல்ல. பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டர்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். நல்ல பால் சுமார் 1,030 கிராம். தண்ணீர் கலந்தால் கருவி கூடுதலாக மூழ்கும். பால்காரரின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பூமிக்குள் அப்படி எதையும் மிதக்கவிட முடியாது. அதற்கு உள்ளது ஈர்ப்புமானி. மெல்லிய ஸ்பிரிங்கில் ஒரு சிறு எடை. கீழே கனமான பாறை இருந்தால் ஸ்பிரிங் மயிரிழை கூடுதலாக நீளும். லேசான சேறோ உப்போ இருந்தால் சுருங்கும். தரையில் இருக்கும் கருவியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாலே அளவு மாறிவிடும். அவ்வளவு நுட்பம்!

பூகம்பத்துக்குப் பிறகு

2004 டிசம்பர் 26. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்து நகர்ந்தது. போர்ட் பிளேர் பக்கம் நிலம் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் வயல்களுக்குள் புகுந்த கடல், திரும்பிப் போகவில்லை. வட அந்தமானின் மேற்குக் கரையிலோ நிலம் உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்தன. 2005-ல் பாராடாங் சேறும் வேகமாகப் பீறிட்டது.

இந்த மாற்றத்தை வானத்திலிருந்தே எடை போட்டார்கள். அமெரிக்காவும் ஜெர்மனியும் 2002-ல் ஏவிய கிரேஸ் என்னும் இரட்டைச் செயற்கைக்கோள்கள், சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகச் சென்றன. ஈர்ப்பு கூடிய இடம் வந்தால் முன்னே போவது முதலில் இழுக்கப்படும். இடைவெளி மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு கணக்குப் போட்டார்கள்.

முடிவு 2006-ல் வெளியானது. பூகம்பத்தால் அந்தமான் கடல் பகுதியில் ஈர்ப்பு குறைந்திருந்தது. கடலடித் தரையின் ஏற்ற இறக்கம் ஒரு காரணம். பாறை விரிந்து அடர்த்தி குறைந்தது இன்னொன்று.

எவ்வளவு குறைந்தது? அங்கே செல்லும் கப்பலில் 75 கிலோ அரிசி மூட்டை இருந்தால், அதன் எடையில் சுமார் 1 மில்லிகிராம். ஓர் அரிசிமணிகூட அல்ல. எவ்வளவு நுட்பமான தராசும் இதைக் காட்டாது. மூட்டை லேசானால் எதிர்த்தட்டில் உள்ள படிக்கல்லும் அதே விகிதத்தில் லேசாகிவிடுமே!

கிரேஸ் 2017-ல் ஓய்ந்தது. 2018-ல் ஏவப்பட்ட அடுத்த ஜோடி அந்த வேலையைத் தொடர்ந்தது. சிப்பிகாட்டில் உப்பு நீர் நின்ற வயல்களில் சதுப்புச் செடிகள் முளைத்தன.