ஏன் இந்தச் சாவுப் புத்தகம்?

"விளக்கு வைக்கிற நேரத்துல அந்தச் சாவுப் புத்தகத்தைக் கீழே வையேம்மா!"

என் மாமியார் வாரத்துக்கு இரண்டு தடவையாவது இப்படிச் சொல்லிவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கதைப் புத்தகமும் சமையல் குறிப்பும் படிக்கிறபோது, நான் மட்டும் பஞ்சம், கொள்ளைநோய், யுத்தம் என்று தேடிப் பிடித்துப் படித்தால் யாருக்குத்தான் கலக்கமாக இருக்காது? 1876-லிருந்து 1878 வரை நம் பக்கத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் படித்துவிட்டு, ஒரு பிடி சோறு மிஞ்சினால்கூடக் கொட்ட மனசு வராமல் பழையதாகவே நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை என்னவர் இன்னமும் கேலி செய்வார்.

இந்தப் பழக்கம் எனக்கு ஏன் வந்தது என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது. போன வருஷம் ஒரு புத்தகம் படித்தபோதுதான் பிடிபட்டது. அதை உங்களிடம் சொல்லலாமென்றுதான் எழுத உட்கார்ந்தேன். பிள்ளை பெற்றவர்களும் பெறப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரமும் அதில் இருக்கிறது.

அப்பாவின் கதை

என் அப்பா பிறந்தது 1951-ல், திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில். அவர் பிறந்த ஒன்பதாம் நாள் அவரைப் பெற்ற ஆச்சி இறந்துபோனாள். மூன்றாம் நாள் குளிர் ஜுரம், அப்புறம் வயிற்று வலி, கடைசியில் ஜன்னி. பென்சிலின் வந்துவிட்ட காலம்தான். ஆனால் எங்கள் ஊருக்கு அது வரவில்லை. அப்பாவைப் பெரியம்மைதான் எடுத்து வளர்த்தாள்.

அப்பாவுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. 'தாயைத் தின்னி.' கல்யாணம், வளைகாப்பு என்று மங்கள காரியம் நடக்கிற வீட்டில் அப்பா கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். என் வளைகாப்புக்குக்கூட அவர் பந்தலுக்கு வெளியேதான் நின்றார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

மகள் கொண்டுவந்த புத்தகம்

என் மூத்த மகள் நர்ஸிங் படிக்கிறாள். அவள்தான் லீவுக்கு வந்தபோது 'தி டாக்டர்ஸ் பிளேக்' என்ற ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். ஷெர்வின் நூலண்ட் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை டாக்டர் 2003-ல் எழுதியது. நான் பிளஸ் டூவோடு நின்றவள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுப்பில் குக்கர் விசிலடிக்கிற இடைவெளியில் படித்து முடிக்க இரண்டு மாசம் ஆயிற்று.

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. முதல் வார்டில் டாக்டருக்குப் படிக்கிற மாணவர்கள் பிரசவம் பார்ப்பார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயிற்சி பெறுவார்கள். நாள் மாற்றி நாள் சேர்ப்பு. 1846-ல் முதல் வார்டில் 4010 பிரசவத்தில் 459 தாய்மார்கள் பிரசவ ஜுரத்தில் இறந்தார்கள். இரண்டாவதில் 3754-க்கு 105 பேர். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மாதிரி ஏழைப் பெண்கள், அப்படியும் நாலு மடங்கு வித்தியாசம்!

ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்தே இருந்தது. முதல் வார்டின் முறை என்று தெரிந்தால் காலைப் பிடித்து அழுவார்களாம். வேண்டுமென்றே தெருவிலேயே பெற்றுக்கொண்டு, அப்புறம் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அப்படித் தெருவில் பெற்றவர்கள் அவ்வளவாகச் சாகவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி நாட்டு இளம் டாக்டர் 1846-ல் அந்த முதல் வார்டுக்கு உதவி டாக்டராக வந்தார். காற்றில் விஷம் என்றார்கள் சிலர். பெண்களின் பயம்தான் காரணம் என்றார்கள் சிலர். விசாரணைக் கமிட்டியோ அந்நிய தேசத்து மாணவர்கள் முரட்டுத்தனமாகப் பரிசோதிப்பதே காரணம் என்றது. சாகிறவர்களுக்குப் பிரார்த்தனை சொல்ல மணியடித்துக்கொண்டு வருகிற பாதிரியாரைப் பார்த்துப் பயந்து சாகிறார்களோ என்றுகூட யோசித்து, மணியை நிறுத்தச் சொன்னார் செம்மல்வைஸ். ஒன்றும் குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய சிநேகிதர் கொலெட்ஷ்கா என்ற புரொபசர் இறந்துபோனார். பிரேதப் பரிசோதனை செய்கிறபோது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது, அவ்வளவுதான். அவர் உடம்பை அறுத்துப் பார்த்த குறிப்பைப் படித்த செம்மல்வைஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசவ ஜுரத்தில் இறந்த பெண்களின் உடம்பில் கண்டதெல்லாம் இதிலும் இருந்தது!

அப்போதுதான் விளங்கிற்று. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் அறுத்துப் பார்த்துவிட்டு, நேரே பிரசவ வார்டுக்கு வந்து தாய்மார்களைத் தொட்டார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் பிணவாடை போகாது. ஆகவே அந்த வாடை போகிற வரைக்கும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில், அதாவது நாம் கிணற்றுக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர் கரைசலில், கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று 1847 மே மாசம் உத்தரவு போட்டார்.

அதற்கு முந்தின ஏப்ரலில் மட்டும் 312 பிரசவத்தில் 57 பேர் இறந்திருந்தார்கள். மறு வருஷம், 1848 முழுவதும் 3556-க்கு 45 பேர்தான். அந்த வருஷம் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருவர்கூட இறக்கவில்லை. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆனால் பெரிய டாக்டர்கள் பலர் ஏற்கவில்லை. 'எங்கள் கையாலா அத்தனை பேர் செத்தார்கள்?' என்ற எண்ணத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. 1849-ல் செம்மல்வைஸின் வேலை போயிற்று. கசப்பும் கோபமுமாக வாழ்ந்த அவரை 1865-ல் மனநோய் விடுதியில் அடைத்தார்கள். இரண்டே வாரத்தில், காயத்தில் சீழ் வைத்து, அதே மாதிரி ரத்தத்தில் விஷமேறி இறந்தார். வயசு 47. அப்புறம் 1879-ல் லூயி பாஸ்டர் இந்த ஜுரத்துக்குக் காரணமான கிருமியைக் காட்டினார்.

அவருக்கு முன்னாலேயே, 1795-ல், ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் கார்டன் என்ற டாக்டர் இன்னொன்றும் எழுதியிருந்தார். ஜுரம் கண்ட தாயிடமிருந்து அடுத்த தாய்க்கு இதைக் கொண்டுபோவது டாக்டரும் மருத்துவச்சியும்தான், நானே பலருக்குக் கொண்டுபோயிருக்கிறேன் என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு!

அப்பாவிடம் சொன்னேன்

இதைப் படித்ததும் எனக்குப் பெரியம்மை எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆச்சிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி, கீழத்தெருவில் ஜுரமாகக் கிடந்த இன்னொரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு நேரே வந்தவளாம். அவளையும் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அப்பா வந்திருந்தபோது, திண்ணையில் உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்போ, அவ கையைக் கழுவியிருந்தா எங்க அம்மா இருந்திருப்பாளா, பாப்பா?" என்றார்.

"இருந்திருக்கலாம்பா."

ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பெரியம்மை உயிரோட இருந்தா அவகிட்டே சொல்லணும். ஊரெல்லாம் சொன்னப்போ அவ ஒருத்திதான் என்னை அப்படிச் சொல்லலை" என்றார். எழுபது வயசு தாண்டியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு என்னவோ செய்தது.

காரணம் தெரியாத இடத்தில் பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது, சகோதரிகளே. வியன்னாவில் அது பெண்களின் பயத்தின் மேலும் பாதிரியாரின் மணியின் மேலும் உட்கார்ந்தது. எங்கள் ஊரில் ஒன்பது நாள் குழந்தையின் மேல் உட்கார்ந்தது. நான் இத்தனை வருஷமாகச் சாவைப் பற்றிப் படித்ததெல்லாம் இந்த ஒரு காரணத்தைத் தேடித்தான் போலிருக்கிறது.

தாய்மார்கள் கவனிக்க

பிரசவ ஜுரம் இன்னும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் பிழைத்துக்கொள்ளலாம்.

பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ ஜுரம், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள போக்கு, ஆபரேஷன் தையலில் சிவப்பு அல்லது சீழ், அதிக ரத்தப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 'பால் கட்டின ஜுரம், தானாகப் போய்விடும்' என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

தாயையும் குழந்தையையும் தொடுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பிளீச்சிங் பவுடரெல்லாம் வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போதும். குழந்தையின் தொப்புளில் சாம்பல், மஞ்சள் என்று எதையும் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமோ நர்ஸிடமோ "கை கழுவிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. உலக சுகாதார நிறுவனமே 2009 முதல் மே 5-ஆம் தேதியைக் கை சுத்தத்துக்கென்று வைத்து இதை வலியுறுத்துகிறது.

ஒரு வார்த்தை. இப்போது முழுகாமல் இருக்கிறவர்கள் இந்த மாதிரிப் புத்தகங்களைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். கவனிக்க வேண்டியதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மற்றவர்கள் படித்தால் பாதியில் நிறுத்தாதீர்கள். பயம் முதல் பாதியில் இருக்கிறது, அது எப்படித் தீர்ந்தது என்பது கடைசியில்தான் வரும்.

போன மாசம் என் நாத்தனார் மகளுக்குப் பிள்ளை பிறந்து பார்க்கப் போனோம். என் மாமியார் வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி, "முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க. மருமக ஒரு புத்தகத்துல படிச்சிருக்கா" என்றார். அப்பாவும் வந்திருந்தார். கழுவிவிட்டு வந்து, ஓரமாக ஒதுங்கி நிற்காமல், குழந்தையைத் தன் மடியில் கேட்டு வாங்கிக்கொண்டார்.