அறுபது வாட்டின் ருசி

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் பக்கம் சைக்கிளில் போகிறவரின் கால்களைக் கவனித்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் அவர் மிதிப்பதை நிறுத்திவிடுவது தெரியும். ரோடு என்னவோ பார்வைக்குப் பலகை போட்டதுபோல்தான் கிடக்கும். ஆனாலும் வண்டி தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும். அந்த இடம் இறக்கம் என்பது பைக்கில் போகிறவருக்குத் தெரியாது. பஸ்ஸில் போகிறவருக்குச் சொன்னாலும் நம்பமாட்டார். இந்தச் சமவெளி மொத்தத்தில் வடக்கே சரிந்திருக்கிறது. அதனால்தான் குடகனாறு ஆத்தூரைத் தாண்டி வடக்கு நோக்கி ஓடி அமராவதியில் சேர்கிறது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியுமாக 85 கிலோ என்றால், அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 850 கிராம் எடைக்குச் சமமான விசை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். தார் ரோட்டில் டயர் உருளும்போது ஏற்படும் தடை கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகிறது, கால் ஓய்வெடுக்கிறது. சைக்கிள்காரரின் சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் பெரும்பாலும் கவிதைப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அவற்றுக்கு ஓர் இயந்திரக் காரணம் இருக்கிறது: இந்த வண்டியின் எஞ்சின் மிகமிகச் சிறியது. எஞ்சின் சிறியதாக இருப்பதால்தான் சந்தோஷமும் அவ்வளவு சின்ன விஷயங்களில் கிடைக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடலாம். நம் ஊர்களில் ஓடும் பழைய கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 45 சுற்று, அவசரமில்லாத மிதி. மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வந்துவிடும். காற்றில்லாத சமதளத்தில் இதற்குத் தேவை சுமார் 60 வாட். ஒரு பழைய குண்டு பல்பு தின்கிற மின்சாரம், அவ்வளவுதான். 100 சிசி பைக் ஒன்றின் எஞ்சினால் இதைப்போல நூறு மடங்கு, அதாவது 6000 வாட் வரை தர முடியும். 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் வெபர் என்ற ஜெர்மானிய உடலியலாளர் கையில் எடைகளைத் தூக்கவைத்துச் சோதித்து ஒன்றைக் கண்டார்: எடை எத்தனை கிராம் கூடியது என்பதை நம் புலன் கணக்கில் வைப்பதில்லை, ஏற்கெனவே இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதைத்தான் உணர்கிறது. இங்கேயும் அதே கதைதான். 6000 வாட்டில் ஐந்து வாட் கூடினாலும் குறைந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது? 60 வாட்டில் ஐந்து வாட் மிச்சமானால் தொடை உடனே சொல்லிவிடும். சைக்கிள்காரருக்கு இறக்கம் தெரிவதும், டயரில் காற்று குறைந்தது தெரிவதும், கேரியரில் பின்னால் யாரோ ஏறி உட்கார்ந்தது திரும்பிப் பார்க்காமலே தெரிவதும் இதனால்தான்.

சக்தி குறைவாக இருந்தால் மட்டும் சந்தோஷம் வந்துவிடுமா என்று கேட்கலாம். தலைச்சுமையோடு நடப்பவருக்கும் சக்தி குறைவுதான். அதில் என்ன சுகம்? நியாயமான கேள்வி. இருக்கிற கொஞ்சத்தை வீணாக்காமல் ரோட்டில் சேர்ப்பதில்தான் சைக்கிளின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 1973இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எஸ்.எஸ். வில்சன் எழுதிய கட்டுரை இதைக் கணக்காகக் காட்டியது: ஒரு கிலோமீட்டர் நடக்கச் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போதும், அதே ஆள் அதே தூரத்தை சைக்கிளில் கடந்துவிடுவார். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பைத் தூக்கி இறக்குகிறோம். அந்தச் செலவை சீட்டு ஏற்றுக்கொள்கிறது. மிச்சமான சக்தி வேகமாகிறது, வேகம் காற்றாகிறது. தொடையின் உழைப்பில் 60 வாட் சக்கரத்துக்குப் போனால், அதைப்போல மூன்று நான்கு மடங்கு உடம்பில் சூடாகத் தேங்கும். மணிக்கு 15 கிலோமீட்டரில் முகத்தில் அடிக்கும் காற்று அந்தச் சூட்டை வியர்வையோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. டீக்கடை முன்னால் வண்டியை ஸ்டாண்டு போட்ட மறுநிமிடம் சட்டை நனைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வை அப்போது புதிதாகப் பிறந்ததல்ல. வழியெல்லாம் சுரந்து உலர்ந்துகொண்டேதான் வந்தது, நின்றதும் அதை உலர்த்த ஆளில்லை.

மிதிக்காமல் போகிற சுகத்துக்கு உண்மையான சொந்தக்காரர் ஃப்ரீவீல். அது புழக்கத்துக்கு வருமுன் சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், கால் தப்பிக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் ஃப்ரீவீல் பரவலானது. திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பூட்டுக்குள் ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் லீவர்களை இந்த ஊர் அறியும்; 2019இல் தன் பூட்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. ஃப்ரீவீலைப் பிரித்தால் உள்ளேயும் அந்த ஜாதிதான்: உட்கூட்டில் இரண்டு சின்ன நாக்குகள், அவற்றை வெளியே தள்ளும் முடி மாதிரி மெல்லிய கம்பிச் சுருள், சுற்றிலும் ரம்பப் பல் வெட்டிய வளையம். மிதித்தால் நாக்குகள் பல்லில் முட்டி நிற்கும், வளையமும் உட்கூடும் பூட்டியதுபோல் ஒன்றாகச் சுற்றும். மிதிப்பதை விட்டால் நாக்குகள் பல்லின் சரிவில் ஏறி ஏறி விழும். அந்த ‘டிக் டிக் டிக்’தான் இறக்கத்தில் கேட்கிற சத்தம். சக்கரம் சுற்றும் வேகத்துக்கு அது அடர்ந்தும் தளர்ந்தும் ஒலிப்பதால், சத்தத்தை வைத்தே வேகத்தைச் சொல்லிவிடலாம். அதற்குச் செலவாகும் சக்தி மிகமிகக் குறைவு.

காற்றின் கதைதான் எல்லாவற்றிலும் சுவையானது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து வருவதால் ஆனி, ஆடி மாதங்களில் பழநி, ஒட்டன்சத்திரம் பக்கம் மேல்காற்று ஆளைத் தள்ளும். காற்றின் தடை, நாம் சந்திக்கும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால், அவர் மேல் மோதுவது 30 கிலோமீட்டர் காற்று. அதே வேகத்தில் போக இப்போது 60 வாட் போதாது, 130 வாட் வேண்டும். அவ்வளவு இருக்காது, வண்டி மெல்ல ஊரும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். இரண்டு வேகமும் ஒன்றானால் மோதுகிற காற்று பூஜ்யம். 40 வாட்டுக்குள் முடிந்துவிடும். அப்போது நடப்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை: காதோரத்தில் இருந்துகொண்டே இருந்த இரைச்சல் திடீரென்று நின்றுபோகும். செயின் பல்லில் ஏறி இறங்குவது கேட்கும், வேலியோரத்துக் கௌதாரி கத்துவது கேட்கும். சுற்றிலும் தென்னை மட்டைகள் ஆடிக்கொண்டிருக்க, சைக்கிள்காரர் மட்டும் அசையாத காற்றுக்குள் உட்கார்ந்து போவார். போனபோது பட்ட பாட்டுக்கு இது சரிக்குச் சரியாக ஈடாகுமா என்றால், ஆகாது. எதிர்காற்றில் ஊர்ந்த நேரம் அதிகம், பின்காற்றில் பறந்த நேரம் குறைவு, கணக்கில் நஷ்டம்தான். ஆனாலும் மனதில் நிற்பது அந்த நிசப்தம்.

இன்னொரு மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்தே வருகிறது. செயினுக்கு எண்ணெய் விட்டதும் வண்டி பறக்கிறது என்பார்கள். 1999இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயினை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தது. கொடுத்த சக்தியில் 98.6 சதவீதம் வரை மறுபக்கம் வந்து சேர்ந்தது. சுத்தமான செயினில் எண்ணெய் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அப்படியானால் எண்ணெய் விட்ட சுகம் வெறும் பிரமையா? ஆய்வகத்தில் புழுதி கிடையாது என்பதுதான் பதில். எண்ணெயின் முக்கிய வேலை இடத்தை அடைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே விடாமல் வைப்பது என்றே அந்தக் குழுவும் கருதியது. நம் செம்மண் வண்டிப்பாதையில் ஒரு மாதம் ஓடிய செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் அடியில் தங்கும் செந்தூளே சாட்சி. சைக்கிள் கடைகளில் ஓவர்ஹால் என்ற சொல் ‘ஓவராயில்’ ஆனதை வெறும் காதுக் கோளாறு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மொழி அங்கே தொழிலைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது. முழுதும் பிரித்து, பால்ரஸ் குண்டுகளுக்குக் கிரீஸ் வைத்து, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து வந்த வண்டியின் முதல் ஐந்நூறு மீட்டர் எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

கையை விட்டு ஓட்டுகிற சிறுவர்களின் பெருமிதத்துக்கும் விளக்கம் உண்டு, ஆனால் இன்னும் முழுதாக இல்லை. சுற்றும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் வண்டியை விழாமல் நிறுத்துகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தோம். 2011இல் சயின்ஸ் இதழில் எழுதிய ஐந்து ஆய்வாளர்கள், அந்த விளைவை அழித்துவிட்ட ஒரு விசித்திர வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். ஆளில்லாமலே அது விழாமல் ஓடியது. சாய்ந்த பக்கமே ஹேண்டில்பார் தானாகத் திரும்புவதுதான் சூட்சுமம் என்பதுவரை தெளிவு. அப்படித் திரும்பவைக்கும் காரணங்கள் பல.

கடைசி மறுப்பு கொஞ்சம் கனமானது. சைக்கிள் மிதித்தவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் மிதித்தவர்கள். 1980இல் டிவிஎஸ் 50 வந்ததும் பால்காரரும் காய்கறிக்காரரும் அதற்கு மாறியது எதைக் காட்டுகிறது? வறுமைக்கு வாசனை பூசாதீர்கள் என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கேரியரில் ஐம்பது கிலோ மூட்டையோடு எதிர்காற்றில் போகிறவரிடம் நிசப்தத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அவருக்கு மோட்டார் வேண்டும். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் கல்குவாரித் தொழிலாளர்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பவும் செய்தார்கள். வறுமை அவர்களுக்கு முன்பும் இருந்தது; சைக்கிள் கொண்டுவந்தது, யாரையும் கேட்காமல் கிளம்பிப் போய் வருகிற வசதி. 2001-02இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த அரசின் இலவச சைக்கிளும் அந்த வழியில்தான் வந்தது. ரோடு ஆபத்தைப் பொறுத்தவரை வாதாட எதுவுமில்லை. நான்குவழிச் சாலையில் லாரி உரசிப் போகும்போது 60 வாட்டின் நுட்பமெல்லாம் பயத்தில் மறைந்துவிடும். இங்கே சொன்னதெல்லாம் அதைவிட்டுக் கிளைபிரியும் ஊர்ச்சாலைகளுக்கே பொருந்தும்.

அங்கே கோடையில்கூட விடியலில் ஒரு சலுகை இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனமானது; தண்ணீர்போல் வழிந்து ஓடைப் பள்ளங்களில் தேங்கும். பாலத்துக்கு இறங்கும்போது முழங்காலிலிருந்து மேலே ஏறுகிற அந்தச் சில்லிப்பு, மறுகரை மேட்டில் கழன்றுவிடும். மாலையில் வேறொன்று, இப்போது அருகிவிட்டது: பின்சக்கரத்தில் உரசி ஓடும் டைனமோ. அதன் விளக்கு 3 வாட்தான். ஆனால் டைனமோ தன் பங்குக்கு வீணாக்குவதையும் சேர்த்தால் காலிடமிருந்து அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கிவிடும், 60இல் பத்தில் ஒரு பங்கு. வெளிச்சத்துக்கு எடை உண்டு என்பதைத் தொடையால் அறிந்த ஒரே வாகனஓட்டி சைக்கிள்காரர். சின்னாளபட்டியிலிருந்து இருட்டில் வருகிறவர் ஊருக்குள் முதல் தெருவிளக்கைக் கண்டதும் குனிந்து டைனமோவைத் தட்டிவிடுவார். உர்ரென்ற சத்தம் நிற்கும், முன்விளக்கு அணையும், பெடல் சட்டென்று இலேசாகும்.