தலையில் ஓட்டை, வயிறு காலி! ஒரு ஷில்லிங்குக்கு 8 சிப்பாய்!!

சிப்பாய் விறைப்பாக நிற்கிறான். சிவப்புச் சட்டை. தோளில் துப்பாக்கி. உயரம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. ஆளைக் கையில் எடுத்துத் தொப்பியைப் பாருங்கள். உச்சியில் சின்னதாக ஓர் ஓட்டை!

பொம்மைப் பட்டாளம் சேர்க்கும் பைத்தியம் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது அந்த ஓட்டை வழியாகத்தான்.

அப்பா போட்ட கணக்கு

19–ம் நூற்றாண்டில் பொம்மைச் சிப்பாய் என்றால் ஜெர்மனிதான். உள்ளே கெட்டியாகக் காரீயம். கனமும் அதிகம், விலையும் அதிகம். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வாங்கினார்கள்.

பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில், சிறுவனாக இருந்தபோது 1,500 சிப்பாய்கள் வைத்திருந்தார். ஒருநாள் அப்பா வந்து 20 நிமிடம் அணிவகுப்பைப் பார்த்தார். பட்டாளத்தில் சேருகிறாயா என்று கேட்டார். பையன் உடனே தலையாட்டிவிட்டான். தன்னிடம் ராணுவ மூளை இருப்பதை அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தார் சர்ச்சில். பிறகுதான் சங்கதி தெரிந்தது. பையனுக்கு வக்கீல் படிப்பு ஏறாது என்பதுதான் அப்பா போட்ட கணக்கு!

ஊற்று, கவிழ்!

1893–ல் லண்டன் ஹார்ன்சி ரைஸ் பகுதியில் பொம்மை செய்துவந்த பிரிட்டன் குடும்பத்தில், வில்லியம் என்பவர் ஒரு தந்திரம் செய்தார். உருக்கிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றினார். ஓரம் இறுகியதும் அச்சைக் கவிழ்த்தார். நடுவில் இருந்த குழம்பு ஓட்டை வழியே வெளியே வந்துவிட்டது. மிச்சம் வெறும் கூடு! காரீயம் மிச்சம், காசும் மிச்சம்.

பெண்கள் கையால் வண்ணம் பூசினார்கள். காலாட்கள் 8 பேர், அல்லது குதிரைக்காரர் 5 பேர். பெட்டி ஒரு ஷில்லிங்! ஜெர்மன்காரர் வியாபாரம் ஆட்டம் கண்டது.

எங்கே சண்டை மூண்டாலும் கடையில் புதுப் பெட்டி வந்துவிடும். 1899–ல் போயர் போர் தொடங்கியது; போயர் வீரர்களும் வந்தார்கள். ஜூலு வீரர்கள் வந்தார்கள். 1415–ல் நடந்த அஜின்கோர்ட் போரின் கவச வீரர்கள் 1954–ல் வந்தார்கள். அட, நம்ம ஊர்ப் பட்டாளமும் உண்டு. மெட்ராஸ் குதிரைப்படைக்கு ஒரு பெட்டி, மெட்ராஸ் காலாட்படைக்கு ஒரு பெட்டி!

தீக்குச்சிக் கழுத்து

கூடு என்பதால் கழுத்து சீக்கிரம் முறியும். பையன்கள் விடுவார்களா? பாதித் தீக்குச்சியை உள்ளே செருகித் தலையை நட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட தீக்குச்சிக் கழுத்துக்காரர்கள் இன்றும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கிறார்கள். கை போனவன், வண்ணம் உதிர்ந்தவன் எல்லாம் மலிவு. கையைக் கடிக்காமல் சேர்க்க நினைப்பவர்கள் இவர்களைத்தான் தேடுகிறார்கள். பழைய பெட்டியோடு, பழைய வண்ணத்தோடு இருந்தால் விலை எகிறும். பளபளக்கட்டும் என்று புது பெயின்ட் அடித்தால் போச்சு, பாதி விலைகூடத் தேறாது.

இன்னொரு எமன், அலமாரி! ஓக் மரத்திலிருந்து வினிகர் அமிலத்தின் ஆவி வரும். மூடி வைத்த சிப்பாய் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைப் பொடியாகிவிடுவான். ஆசையாக மர அலமாரி செய்து பூட்டி வைத்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

வெள்ளீயம் வேறு

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம், விஷம். குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. பழைய பெயின்டிலும் காரீயம் இருக்கலாம். பிரிட்டன் கம்பெனி 1966–ல் இந்த வார்ப்பு வேலையை நிறுத்தியது. பிளாஸ்டிக் வீரர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

சேர்ப்பவர்கள் கையில் எடுத்துப் பார்த்தால், சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். பேரன் கேட்டு அழுதாலும் கொடுப்பதில்லை. அவனுக்குப் பிளாஸ்டிக் சிப்பாய்தான்!