புறனடை இல்லாத இலக்கணம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வரும் மாணவர் சிலருக்கு ‘சி’ என்னும் கணினி மொழியைக் கற்பித்து வருகிறேன். அம்மொழியைப் பற்றி வழங்கும் நகைச்சுவைகளுள் அவர்கள் பெரிதும் விரும்புவது ஒன்றுண்டு. வரையறை இல்லாத செயலொன்றைச் செய்துவிட்டால், உன் மூக்கினின்று பேய்கள் பறந்து வெளிவரினும் அது முறையே என்பதாம். 1992 முதல் செய்நிரல் எழுதுவோர் இதைச் சொல்லிச் சிரித்து வருகின்றனர்.

சிரிப்பினுள் உண்மை உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972 அளவில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய அம்மொழிக்கு 1989இல் நியமம் வகுக்கப்பட்டது. பொறிகள் பலவகைப்பட்டமையாலும், வேகம் குன்றலாகாது என்பதாலும், சில செயல்களின் விளைவை அந்நியமம் வரையறுக்கவில்லை. அவற்றைச் செய்தால் எதுவும் நிகழலாம் என விட்டுவிட்டது.

தொல்காப்பியம் கற்றோருக்கு இது வியப்பளிக்கும். அதன் இயல்கள் பலவற்றின் இறுதியில் புறனடைச் சூத்திரம் நிற்கிறது. சொல்லாது விட்டவற்றை வழக்கோடு பொருத்திக் கொள்க என்பது அதன் கருத்து. வழுவுக்கும் நம் இலக்கணத்தார் வழுவமைதி கண்டனர். ‘சி’ மொழியிலோ விதி மௌனமான இடத்தில் வழக்கும் துணைவராது.

அதனினும் கொடியது ஒன்றுண்டு. நாம் எழுதியதைப் பொறியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பான், ‘இவர் விதி மீறார்’ என்றே கொள்கிறது. 32 பிட் முழுவெண்ணின் உச்சம் 2,147,483,647. அதனோடு ஒன்றைக் கூட்டுவது வரையறைக்குப் புறம்பு. எல்லை கடந்ததா என அறிய, ‘ஒன்று கூட்டியபின் எண் பெருகிற்றா?’ என்று மாணவன் காவல் வரியொன்று எழுதுகிறான். ‘கூட்டினால் பெருகுமன்றோ!’ எனத் தொகுப்பான் அக்காவலையே நீக்கிவிடக்கூடும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இத்தகையதொரு நிகழ்ச்சி 2009இல் வெளிப்பட்டது. சுட்டியொன்றை முதலில் பயன்படுத்திவிட்டு, அது வெறுஞ்சுட்டியா எனப் பின்னர் சோதித்திருந்தனர். பயன்படுத்தியமையால் அது வெறுஞ்சுட்டி அன்று எனத் துணிந்த தொகுப்பான், சோதனையை அகற்றிற்று. சாதாரணப் பயனரும் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற வழி பிறந்தது.

“ஓட்டிப் பார்த்தோம் சேர், விடை சரியாகத்தானே வந்தது?” என்று மாணவர் கேட்பதுண்டு. எதுவும் நிகழலாம் என்பதனுள் சரியான விடை வருவதும் அடங்கும். இன்று சரியாக ஓடியது, நாளை புதிய தொகுப்பானில் பிழைக்கலாம். ஆதலின், இத்தகைய மீறலை ஓடும்போதே காட்டும் சோதனைகளைத் தொகுப்பானில் இயக்கிப் பார்க்குமாறு சொல்கிறேன். மூக்கினின்று பேய் வந்தால் எவரும் விழித்துக்கொள்வர். சரியான விடையின் வேடத்தில் வரும் பேயை யார் ஐயுறுவர்?