சுரங்கவழி திறக்காதபோது

மகாவலி கங்கையின் நீரில் ஒரு பகுதி, கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமான சுரங்கவழியாக எங்கள் மாத்தளை மாவட்டத்து உக்குவளையை வந்தடைகின்றது. அங்கே மின் நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றியபின் சுது கங்கையிற் கலந்து வடக்கு நோக்கிச் செல்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் காரியம் இது. மேலே மலைப்பாதையில் நடப்போருக்கு அந்நீர் தெரிவதில்லை. இடைவழியில் ஒருவர் அதனை மொண்டுகொள்ளவும் இயலாது.

நேயர்களே, இணையத்திலும் இத்தகைய சுரங்கவழி ஒன்று உண்டு. மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்று தமிழில் வழங்கும் அதனை யாவரும் வி.பி.என். என்றே அழைக்கின்றனர். நாம் அனுப்பும் செய்தி பொதுப் பாதையிலேதான் செல்கின்றது. ஆயினும் மறைக்குறியாக மாற்றப்பட்டு, உரிய திறவுகோல் உடையவர் மட்டுமே பிரிக்கத்தக்க உறையினுள் செல்கின்றது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்களின் பின்னரும், 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியின்போதும் நம் நாட்டிற் சமூக ஊடகங்கள் சிறிது காலம் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களிலேதான் இச்சொல் நம்மவரிற் பலர் காதில் முதன்முதலாக விழுந்தது. எனினும் அதன் அன்றாடப் பயன் வேறு. வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்வோரும், பல்கலைக்கழக நூலகத்தை ஊரிலிருந்து அணுகும் மாணவரும் காலையில் முதலிற் செய்வது இவ்வழியைத் திறப்பதேயாம்.

லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் ஒருநாள் அவ்வழி திறக்க மறுத்தால் என் செய்வது? அதனையே இன்று ஆராய்வோம்.

லினக்ஸில் இதற்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள்கள் இரண்டு. ஒன்று ஓப்பன் வி.பி.என். ஜேம்ஸ் யோனன் என்பார் 2001இல் வெளியிட்டது. மத்திய ஆசியாவிற் பயணம் செய்தபோது, தம் செய்திகள் கடந்துசெல்லும் இணைய வழிகளைப் பற்றி அவருக்கு எழுந்த ஐயமே அதற்குத் தூண்டுகோலாயிற்று. மற்றொன்று வயர்கார்ட். ஜேசன் டொனன்ஃபெல்ட் ஆக்கிய இது, 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6ஆம் பதிப்பு முதல் லினக்ஸின் கருவகத்திலேயே இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் பின்னணியில் இயக்கி மேற்பார்வை செய்வது பெரும்பாலும் சிஸ்டம்டி என்னும் நிருவாகியாகும். 2010இல் தோன்றிய இந்நிருவாகி, எந்தச் சேவை எப்போது தொடங்கிற்று, ஏன் நின்றது என்பவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்கின்றது. பாடசாலையிற் சம்பவத் திரட்டுப் புத்தகம் எத்தகையதோ, கணினிக்கு இப்பதிவேடு அத்தகையது.

வழி திறக்கவில்லை என்றதும் பலர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுகின்றனர். அதனால் ஒரு பொழுது வீணாவதன்றிப் பிழை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முதலிற் பதிவேட்டைப் படித்தல் வேண்டும். 'சிஸ்டம் சி.டி.எல். ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளை, சேவை ஓடுகின்றதா, வீழ்ந்ததா எனச் சுருங்கச் சொல்லும். 'ஜேர்னல் சி.டி.எல். மைனஸ் யு' என்று தட்டிச் சேவையின் பெயரையும் சேர்த்தால் முழு வரலாறும் கிடைக்கும். அதனைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இறுதி வரி பெரும்பாலும் விளைவையே கூறும். காரணம் அதற்கு மேலே இருக்கும். 'மிக விரைவாகப் பன்முறை தொடங்க முயன்றமையால் நிறுத்தப்பட்டது' என்ற வரியைக் கண்டு மயங்குவோர் பலர். நிருவாகி சலித்துப்போன செய்தியே அது. முதல் முயற்சி எதனால் வீழ்ந்தது என்பதை அறிய மேலே சென்று முதற் பிழையைக் காணவேண்டும்.

அவ்வாறு பார்க்கும்போது அடிக்கடி தென்படுங் காரணங்கள் சிலவே.

முதலாவது, பெயர் பொருந்தாமை. ஓப்பன் வி.பி.என். சேவையின் பெயரில் 'அட்' குறியை அடுத்து வருவது அமைப்புக் கோப்பின் பெயராகும். அலுவலகத்தார் தரும் கோப்பு பெரும்பாலும் 'ஓ.வி.பி.என்.' என முடியும்; நிருவாகியோ 'கொன்ஃப்' என முடியும் கோப்பையே தேடும். கோப்பு கண்முன்னே இருந்தும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று கணினி சொல்வது இதனாலேதான். கோப்பின் ஈற்றை மாற்றி, உரிய கோப்புறையில் வைத்தால் இக்குறை தீரும். அதனுடன் வரவேண்டிய சான்றிதழ், திறவுகோற் கோப்புக்கள் கோப்பிற் குறித்த இடத்தில் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்க.

இரண்டாவது, கேட்போர் இருந்தும் பதிலளிப்போர் இல்லாமை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்படி கோப்பு அமைந்திருக்கலாம். கையால் இயக்கும்போது நாம் முன்னிருந்து விடை தருவோம். பின்னணியில் இயங்கும் சேவைக்கு விடை தர எவரும் இல்லை. அது காத்திருந்து தோற்கும். அலுவலக விதி அனுமதிக்குமாயின், அவ்விரண்டையும் நிருவாகப் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்பில் எழுதிவைக்கலாம்.

மூன்றாவது, சுரங்கத்தின் வாயிலே இல்லாமை. 'டன்' என்னும் மென்பொருட் கருவி கருவகத்தின் ஒரு பகுதி. கருவகத்தைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மீளத் தொடங்காதிருந்தால், சில வகை லினக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் பழைய கருவகத்துக்குரிய பகுதிகள் வட்டிலிருந்து நீங்கிவிடும். அப்போது அக்கருவியைத் திறக்க இயலவில்லை என்ற செய்தி தோன்றும். கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குவதே மருந்து.

நான்காவது, துணைவர் வாராமை. வயர்கார்ட் அமைப்பில் பெயர்ச் சேவையகம் குறிக்கப்பட்டிருந்தால், அதனை நடைமுறைப்படுத்த 'ரிசொல்வ்கொன்ஃப்' என்னும் துணைக் கட்டளை தேவை. அது நிறுவப்படாத கணினியில் வயர்கார்ட் பாதிவழி வந்து, செய்தவற்றையெல்லாம் கலைத்துவிட்டு நின்றுவிடும். பதிவேடு அக்கட்டளையின் பெயரையே சொல்லும். அதனை நிறுவினாற் போதும்.

ஐந்தாவது, மூப்பு. 2021இல் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். மூன்றாம் பதிப்பு, வலுவிழந்த பழைய கையொப்ப முறைகளை எளிதில் ஏற்பதில்லை. நேற்றுவரை இயங்கிய சேவை, இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் 'சான்றிதழின் கையொப்பம் வலுவற்றது' என்று கூறி நின்றால் காரணம் இதுவே. பாதுகாப்பு மட்டத்தைக் குறைத்து இயக்குவோர் உளர். அது பூட்டுத் துருப்பிடித்ததென்று கதவைத் திறந்துவைப்பதை ஒக்கும். புதிய சான்றிதழ் கேட்டுப் பெறுவதே முறை.

இனி, சேவை தொடங்கியும் தொடர்பு ஏற்படாத நிலை ஒன்று உண்டு. அது வேறு நோய். அங்கே முதலிற் பார்க்கவேண்டியது கடிகாரம். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினி, பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடலாம். அதன் கணக்கிற் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. ஆகவே ஏற்க மறுக்கும். நம் நாட்டிலே 1996இல் இருமுறையும் 2006இல் ஒருமுறையும் நியம நேரம் மாற்றப்பட்டதை நேயர்கள் நினைவுகூரலாம். நேர வலயத்தைச் சரியாகக் குறித்து, இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும்படி கணினியை அமைத்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இவை யாவற்றினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பொல்கொல்லையில் வாயில் மூடினால் உக்குவளைக்குச் சுரங்கவழியே நீர் வராது. கணினியிலோ நிலைமை அவ்வாறன்று. பொது இணையத்துக்குரிய செய்திகளைப் பொறுத்தவரை, சுரங்கவழி திறக்காவிட்டால், தனியாகத் தடுப்பு அமைத்திருந்தாலன்றி, அவை யாதொரு எச்சரிக்கையுமின்றி வழமையான பாதையிலேயே போய்விடும். பக்கங்கள் திறக்கும், கடிதங்கள் செல்லும், பயன்படுத்துபவர் தாம் மறைவாக இருப்பதாகவே எண்ணியிருப்பார். செய்தியாளர் ஒருவர் தமக்குத் தகவல் தந்தவரின் பெயரையும், மருத்துவர் ஒருவர் நோயாளியின் விபரத்தையும் அந்நம்பிக்கையில் அனுப்பினால் விளையுந் தீங்கை அளவிடல் அரிது. ஆகையால் அனுப்புமுன் பாருங்கள். 'டபிள்யு.ஜி. ஷோ' என்னும் கட்டளை, மறுமுனையோடு கடைசியாகக் கைகுலுக்கிய நேரத்தைக் காட்டும். அந்த வரியே இல்லையெனின் வழி திறக்கவில்லை என்பது பொருள். ஓப்பன் வி.பி.என். ஆயின், தொடக்க வரிசை நிறைவுற்றது என்ற வரி பதிவேட்டில் இருத்தல் வேண்டும்.

உதவி கேட்பதிலும் அவதானம் வேண்டும். பதிவேட்டு வரிகளை அறிந்தவரிடம் காட்டலாம். தனித் திறவுகோலையும் கடவுச்சொல்லையும் எவருக்கும் காட்டலாகாது. முகமறியாதோர் சொல்லுங் கட்டளையைப் பொருளறியாமல் நிருவாக அதிகாரத்துடன் இயக்குவதும், தீச்சுவரை முற்றாக அணைத்துவிடுவதும் கூடா. ஒருபோதில் ஒன்றை மட்டும் மாற்றுக, மாற்றியதைக் குறித்துவைக்க, மீண்டுஞ் சேவையைத் தொடங்கிப் பதிவேட்டைப் படிக்க. பிழைச் செய்தி மாறியிருந்தால் ஒரு தடை நீங்கிற்று என்பது பொருள். அடுத்த தடைக்கும் இதே ஒழுங்கு போதும்.